இழுக்காதே, தெஃபிக்

ஜனவரி 27, ஞாயிறு

சுர்துலிட்சா ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்து சேர்ந்தோம். முழங்கால் இரண்டும் கழன்று கிடக்கின்றன. பெண் வீட்டார் வழக்கம்போலக் கதவைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று கெஞ்சிப் பேரம் பேசி முடிக்கும்வரை பாண்டு வாசிப்பு நிற்கக் கூடாது, அதுதான் முறை. பனியில் நிற்கவைத்துவிட்டார்கள். நான் ஊதும் ட்யூபா, அந்தப் பெரிய அடிக்குரல் குழல், உதட்டோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் என் மகன் தெஃபிக் ட்ரம்பெட்டை வானத்தைப் பார்க்கத் தூக்கி ஒரே சுரத்தைப் பிடித்தான். பிடித்தான், பிடித்தான், விடவே இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கே மூச்சு முட்டியிருக்க வேண்டும், கதவைத் திறந்துவிட்டார்கள்.

மேளம் அடிக்கும் கம்பேர் என் தம்பி மகன். வேனில் வரும்போது சொன்னான்: “பெரியப்பா, உங்க மகன் நெஞ்சுக்குள்ள நாலு பேர் குடியிருக்காங்க. பேசின காசு பத்தாது, நாலு பேருக்கும் சாப்பாடு கேளுங்க.”

தெஃபிக் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ஊர் வரும்வரை நிற்கவில்லை.

எழுத்து எனக்கு ராணுவத்தில்தான் அறிமுகம். அதுவரை கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். இப்போதும் ஒரு பக்கம் எழுதினால் தோள் நோகிறது. ஆனாலும் தலைக்குள் போனது எதுவும் என்னைவிட்டு வெளியே போவதில்லை. கொஞ்சம் இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஜனவரி 29, செவ்வாய்

தெஃபிக்குக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டால் அடுப்பு மாதிரி இருக்கிறது. மருமகள் ஸ்லாவ்கா டாக்டரிடம் போகலாம் என்றாள். “இருமலுக்கெல்லாம் டாக்டரா? உன் வீட்டுல அப்படித்தான் பழக்கமா?” என்று எரிந்து விழுந்தான். தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட ட்ரம்பெட்டை எடுத்து ஊதினான். பாதி சுரம் வந்தது. மீதியை இருமினான்.

ஸ்லாவ்கா ட்ரம்பெட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஜனவரி 31, வியாழன்

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உதடு நீலமாக இருந்தது.

பிப்ரவரி 2, சனி

ஃப்ளூ காய்ச்சலாம், நுரையீரலில் இறங்கிவிட்டதாம். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போனால் அவன் படுக்கை தெரியும் ஜன்னல். அங்கே போய் நின்றேன். மூக்கிலும் வாயிலும் இறுகக் கட்டிய ஆக்ஸிஜன் மாஸ்க். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகின்றன. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிவது கண்ணாடி வழியாகவே தெரிகிறது.

எழுதத்தான் வேண்டும் — எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்படி இழுக்கிறான் பார், விடமாட்டான், என் பிள்ளை என்று. அவன் பிறந்த அன்று அழுத அழுகையில் எதிர்வீட்டுத் தகரக்காரர் யூசுஃப் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார். “யாரை வெட்டுறாங்க?” என்று கேட்டார். இடது காலில் செருப்பு இல்லை. அந்த நெஞ்சு இது.

போனில் கூப்பிட்டேன். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். பேச முடியவில்லை, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

“வயித்துலேருந்து இழுடா. நீளப் பாட்டுக்கு முன்னாடி இழுப்பியே, அந்த மூச்சு. விடாத.”

தலையை ஆட்டினான். இழுத்தான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று அவனோடு சேர்ந்து இழுத்தேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

எங்கள் தெருவில் ஊதுகிறவன் படுத்தால் செய்வது இரண்டு. ஜன்னலுக்குக் கீழே போய் வாசிப்போம், அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்து வருவான். அப்புறம் அவன் ட்ரம்பெட்டின் வாய்முனையைக் கையில் கொடுப்போம். வாய் வைத்து ஊதுகிற அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு இருந்தால் போதும், படுத்தபடியே உதட்டையும் நெஞ்சையும் பழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் செய்தோம். அலமாரியைத் திறந்து வாய்முனையைக் கழற்றி, கம்பளிக் காலுறைக்குள் திணித்து, மாற்றுத்துணியோடு அனுப்பினேன். பாண்டு முழுதும் பின்பக்கத்தில் நின்று வாசித்தது. மேல் மாடியில் நோயாளிகள் ஜன்னலுக்கு வந்து கைதட்டினார்கள். காவலாளி ஓடிவந்து, முதலில் அதட்டி, பிறகு “அந்தப் பழைய பாட்டு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் வாசிச்சுட்டுப் போங்க” என்றான்.

தெஃபிக் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு வாய்முனையை உதட்டில் வைப்பது தெரிந்தது. கம்பேர் என் முதுகில் குத்தினான்: “பாத்தீங்களா, பாத்தீங்களா.”

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. விறகு பிளந்தேன். தேவைக்கு மேல் பிளந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஸ்லாவ்காவும் நானும் போனோம். டாக்டரம்மா ருஷிட்சா பெஞ்சிச், ஐம்பது வயது இருக்கும், தூங்காத கண். எங்களை நடைபாதையிலேயே நிறுத்திச் சொன்னார்.

தெஃபிக்கின் கழுத்துத் தோலை அமுக்கினால் மிதிபட்ட உறைபனி மாதிரி நறநறக்கிறதாம். நுரையீரலில் எங்கோ கிழிந்து, காற்று கசிந்து, தோலுக்கடியில் ஏறி நிற்கிறதாம்.

“எதனால?” என்றேன்.

“இழுத்து இழுத்துத்தான் பெரியவரே.”

“மூச்சு விடறதாலயா?”

“அவர் விடற வேகத்துல. பாருங்க, நுரையீரல்ல பெரும்பகுதி நீர் கோத்து மூடிக் கெடக்கு. தொறந்திருக்கறது ஒரு சின்னக் குழந்தைக்கு இருக்கற அளவுதான். அதை வச்சுக்கிட்டு ஒரு முழு ஆம்பளை வேகத்துல இழுக்கறாரு. ஒவ்வொரு இழுப்புக்கும் நல்ல பக்கம் தாங்காத அளவுக்கு விரியுது. புண்ணான பக்கம் இன்னும் புண்ணாகுது, இன்னும் நீர் கசியுது. நீர் கசிஞ்சா மூச்சு பத்தல. பத்தலைன்னா இன்னும் வேகமா இழுக்கறாரு. காய்ச்சல் அடிச்சது பாதி. மீதிய அவரே அடிச்சுக்கறாரு.”

டாக்டர் கோட்டுப் பையிலிருந்து வாய்முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இது யாரு குடுத்தது?”

“நான்தான்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இதனாலதான் கிழிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. இனிமே வேண்டாம். ஜன்னலுக்குக் கீழ வாசிக்கறதும் வேண்டாம். போன்ல ‘இழு இழு’ன்னு சொல்றதும் வேண்டாம்.”

“பின்ன என்னதான் செய்யறது?”

“தூங்க வச்சுடணும். ஆழமா. அவர் தசை ஒண்ணுகூட இழுக்காதபடி மருந்து குடுத்து, தொண்டையில குழாய் போட்டு, மெஷினை வச்சு சின்னச் சின்ன மூச்சாக் குடுக்கணும். நுரையீரலுக்கு ஓய்வு கெடைக்கணும். நேத்தே கேட்டேன், தலையை இப்படி இப்படி ஆட்டிட்டாரு. முழு நினைவோட வேண்டாங்கறாரு, நான் கட்டாயப்படுத்த முடியாது. நினைவு தப்பற வரைக்கும் காத்திருந்தா அதுக்கப்புறம் நான் செய்யறது எதுக்கும் பிரயோஜனம் இருக்காது.”

அவன் ஏன் வேண்டாமென்று தலையாட்டினான் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வீட்டு ஜெவ்தெத்தை மெஷினில் போட்டார்கள், சவப்பெட்டியில் வந்தான். மெஷினில் போனவன் திரும்பமாட்டான் என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்கு வந்ததும் ஸ்லாவ்கா பேசாமல் மாவு பிசைந்தாள். யாருக்குப் பசிக்கிறது? பாலாடைக்கட்டி அப்பத்துக்கு மாவை மேசை முழுவதும் காகிதம் மாதிரி இழுத்து விரிப்பாளே, அப்படி விரிக்க ஆரம்பித்தாள். ஒரு இழு — நடுவில் ஓட்டை. சரிசெய்ய இன்னொரு பக்கம் இழுத்தாள், ஓட்டை பெரிதானது.

நின்றுவிட்டாள். “மாமா, இதான்.”

“எது?”

“அந்தம்மா சொன்னது இதான். கோவத்துல இழுத்தா நிக்காது. அடியில கைய வச்சுத் தாங்கிக்கிட்டு மெல்ல மெல்லத்தான் விரிக்கணும். அவரு உள்ள இதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்காரு. நாம நின்னு கை தட்டுறோம்.”

மாவைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். பிறகு தானே போய்ப் பொறுக்கி எடுத்தாள்.

என் வாயாலதானே சொன்னேன், இழுடா இழுடான்னு. இத்தனை நாள் எதைப் பாத்து நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்? அது பலமா, காயமா? பாக்கத் தெரியலையே எனக்கு. ஜன்னல்ல நின்னு நானும்கூடச் சேந்து இழுத்தேனே.

பிப்ரவரி 5, செவ்வாய்

டாக்டர் என்னை உள்ளே விட்டார். கவுன், தொப்பி, முகமூடி எல்லாம் போட்டு. “கொஞ்ச நேரம்தான். அழாதீங்க, அழுதா அவரு வேகமா இழுப்பாரு.”

கிட்டத்தில் பார்த்தால் வேறு. ஜன்னலில் சண்டைக்காரனாகத் தெரிந்தவன் இங்கே ஓடி ஓடிக் களைத்த குதிரை. முடியெல்லாம் வியர்வை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வருகிறது.

“அப்பா... இழுக்கறேன்.”

“தெரியுதுடா. இழுக்காத.”

புருவத்தைச் சுருக்கினான்.

“இழுக்காத, தெஃபிக். உள்ள கிழியுதாம். நீ பலமா இழுக்க இழுக்க அதிகமாக் கிழியுதாம். அவங்க பாத்துக்கட்டும். கொஞ்ச நாளைக்கு மெஷின் ஊதட்டும்.”

“ஜெவ்தெத்...”

“ஜெவ்தெத்துக்கு எண்பது வயசு. குடல் அழுகிப்போய் வந்தான். நீ அவனா?”

“இறக்கவா... சொல்றீங்க.”

எங்களுக்குள் அதற்கு ஒரு பொருள்தான். வாசிக்கும்போது முதல் ட்ரம்பெட்டுக்கு முடியாமல் போனால் குழலின் வாயைத் தரையைப் பார்க்க இறக்குவான். அதைப் பார்த்ததும் இரண்டாம் ட்ரம்பெட் அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளும், அடியில் என் ட்யூபா தாங்கும். ஆடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பாண்டுக்குத் தெரியும். இறக்கினவனை அடுத்த கல்யாணம்வரை கேலி செய்து கொல்வோம். தெஃபிக் ஒரு நாளும் இறக்கியதில்லை. போஸிலெக்ராத் ஊர்க் கல்யாணத்தில் ஒன்பது வயதில், மூக்கில் ரத்தம் வழிய, சிவப்புச் சட்டை என்பதால் யாருக்கும் தெரியாமல், மணப்பெண் வண்டியைவிட்டு இறங்கும்வரை ஊதியவன்.

“ஆமா. இறக்கு. நான் சொல்றேன்.”

“நீங்களா.”

“நான்தான். எவனாவது கேலி பண்ணட்டும், ட்யூபாவை அவன் தலையில கவுக்கறேன்.”

சிரிக்கப் பார்த்தான். மாஸ்க்குக்குள் மூடுபனி. கழுத்தில் கை வைத்தேன். டாக்டர் சொன்னது போலவே விரலுக்கடியில் நறநறத்தது. கையை எடுக்கவில்லை.

“எழுப்பு...வாங்களா?”

எழுப்புவார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. “தெரியலடா. இப்படியே விட்டா என்ன ஆகும்னு அந்தம்மாவுக்குத் தெரியுது. அதுமட்டும் தெரியுது. நான் வெளியில உக்காந்திருப்பேன்.”

“பொய்... நீங்க... உக்கார... மாட்டீங்க.”

“சரி, நடந்துக்கிட்டு இருப்பேன்.”

கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்சம் கழித்து வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தான். ட்ரம்பெட் பிடிக்கிற மாதிரி விரலை வளைத்து, மெதுவாகத் தரையைப் பார்க்கச் சாய்த்தான்.

டாக்டரைக் கூப்பிட்டேன்.

பிப்ரவரி 6, புதன்

இப்போது என் மகன் மூச்சு விடுவதில்லை. மெஷின் விடுகிறது.

பிப்ரவரி 9, சனி

குப்புறப் போட்டிருக்கிறார்களாம். அப்படிப் போட்டால் முதுகுப்பக்க நுரையீரல் திறக்குமாம். குழந்தையில் அவன் குப்புறத்தான் தூங்குவான், யார் திருப்பினாலும் அழுவான்.

தெருவில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ரொட்டிக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கம்பேர் மட்டும் நேராகக் கேட்டான்.

“அவன் வேண்டாம்னுதானே சொன்னான், பெரியப்பா? நீங்க போய்த்தானே தலையாட்ட வச்சீங்க?”

“ஆமா.”

“வாசிச்சுக்கிட்டே இருந்திருந்தா எந்திரிச்சிருப்பான். கையில இருந்த மூச்சையும் புடுங்கிக் குடுத்துட்டீங்க.”

“அந்த மூச்சுதான்டா அவனைக் கிழிச்சுது.”

“மூச்சு கிழிக்குமா? இதை எந்த ஊருல கேட்டீங்க?”

நானும் திங்கட்கிழமை டாக்டரிடம் இதையே கேட்டேன். ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சரியாகச் செய்தேனா? டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? அந்தம்மாவின் கண் பொய் சொல்கிற கண் இல்லை. ஆனால் தப்பு பொய் இல்லையே. நம்பித் தப்பாகச் சொல்லலாமே.

ஆற்றங்கரைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

“மோசமாகல” என்றார் டாக்டர். “தேறலையா?” என்றேன். “மோசமாகல” என்றார்.

பிப்ரவரி 14, வியாழன்

திராட்சைக்கொடி வெட்டும் திருநாள். முதல் கொடியை வெட்டி வெட்டுவாயில் ஒயின் ஊற்ற வேண்டும். இந்த வருஷம் வேண்டாம் என்றிருந்தேன். பிறகு கை சும்மா இருக்க முடியாமல் கத்தரியோடு போனேன். வெட்டினேன், ஊற்றினேன். பாட்டுப் பாட வேண்டும், பாடவில்லை.

ஸ்லாவ்கா ஜன்னலைத் திறந்து கத்தினாள்: “மாமா, போதும், கொடியை மொட்டையடிச்சுட்டீங்க.”

பார்த்தால் உண்மைதான்.

பிப்ரவரி 19, செவ்வாய்

இன்று மருந்தைக் குறைத்து மெல்ல எழுப்பிப் பார்த்தார்கள். பாதி விழித்ததும் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டானாம். மெஷினோடு சண்டை. மெஷின் கொடுப்பதற்குள் அவன் இழுக்கிறான், அது ஊதும்போது இவன் இன்னும் இழுக்கிறான். ஒன்றின்மேல் ஒன்று. உடனே திரும்பத் தூங்க வைத்துவிட்டார்கள்.

“இன்னும் நேரம் வரல” என்றார் டாக்டர். “நுரையீரல் கொஞ்சம் தொறந்திருக்கு. ஆனா அந்த இழுப்பைத் தாங்காது. அவர் சொந்தமா மூச்சு விடணும்னுதான் நானும் காத்திருக்கேன், பெரியவரே. ரொம்ப நாள் தூங்க வச்சா நெஞ்சுத் தசை கரைஞ்சுபோகும். சீக்கிரம் எழுப்பினாலும் ஆபத்து, தாமதமானாலும் ஆபத்து.”

“எப்ப எழுப்பணும்னு எப்படித் தெரியும்?”

“தெனமும் பாத்து. சில சமயம் எனக்கும் தெரியறதில்ல.”

ஒளிக்காமல் சொன்னார். அதனாலேயே இன்னும் பயமாக இருக்கிறது. நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தேன். தரை துடைக்கிற பெண் வாளியை என் முன்னால் வைத்து, “ஐயா, ஒண்ணு உக்காருங்க, இல்ல நீங்களே தொடைச்சிடுங்க” என்றாள். துடைத்தேன். உண்மையாகவே துடைப்பானை வாங்கிக் கடைசிவரை துடைத்தேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

மறுபடி எழுப்புகிறார்கள். இந்தத் தடவை டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். “தெரிஞ்ச குரல் கேட்டா சில பேர் அடங்குவாங்க. என்ன பேசறீங்கங்கறது முக்கியமில்ல. மெதுவாப் பேசுங்க.”

என்ன பேசுவது? கொடியை மொட்டையடித்ததைச் சொன்னேன். தரை துடைத்ததைச் சொன்னேன். கண் திறந்தது, சுற்றியது, பயந்தது. தோள் ஏற ஆரம்பித்தது. அந்தப் பழைய ஏற்றம்.

“இழுக்காத. ஒண்ணும் அவசரமில்ல. கல்யாணம் ஏதும் இல்ல. யாரும் வாசல்ல நிக்கல. சின்னதா. அவ்வளவுதான். அது போதும்.”

தோள் ஒருமுறை ஏறியது, இறங்கியது. அடுத்தது அவ்வளவு ஏறவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தபடி என் முழங்கையைத் தொட்டார். நிறுத்தாதீர்கள் என்று அர்த்தம். நானும் நிறுத்தவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், 1963-இல் ஆற்றுவெள்ளத்தில் யார் யார் வீட்டுக் கோழி எந்தெந்த மரத்தில் ஏறியது என்றெல்லாம் சொன்னேன். பெயர் விடாமல்.

மார்ச் 2, சனி

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் இல்லை, காற்று மாதிரி வருகிறது. ஸ்லாவ்காவிடம் முதலில் சொன்னது: “அந்தக் கோழிக் கதைய நிறுத்தச் சொல்லு.”

ஸ்லாவ்கா நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்தேன்.

மார்ச் 23, சனி

வீட்டுக்கு வந்தான். கம்பேர் தூக்கிவந்தான். “நெஞ்சுல குடியிருந்த நாலு பேரும் காலி பண்ணிட்டாங்கடா, இறகு மாதிரி இருக்கே” என்றான். பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு விறகு எடுத்துவரப் போனான்.

ஏப்ரல் 11, வியாழன்

கதவுவரை நடக்கிறான், நிற்கிறான், திரும்புகிறான். மதியம் தூங்கும்போது நான் அடிக்கடி போய்க் குனிந்து மூக்கருகே காதை வைக்கிறேன். முன்பு அவன் தூங்கினால் தெருமுனைக்குக் கேட்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. இன்று விழித்துக்கொண்டான்.

“அப்பா, மூஞ்சி மேல தாடி குத்துது.”

“பாத்தேன்.”

“உசிரோடதான் இருக்கேன். போங்க.”

போனேன். கொஞ்சம் கழித்துத் திரும்ப வந்தேன்.

மே 30, வியாழன்

டாக்டரிடம் காட்டப் போனோம். நுரையீரலில் தழும்பு இருக்கிறதாம், முழுதும் போகாதாம். ஊதலாமா என்று தெஃபிக் கேட்டான். “வருஷம் போகட்டும், பாக்கலாம்” என்றார். ஊதலாம் என்றும் சொல்லவில்லை, ஊதக்கூடாது என்றும் சொல்லவில்லை.

பாண்டில் முதல் ட்ரம்பெட்டுக்கு லெஸ்கொவாட்ஸிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான். நல்ல வாசிப்பு. அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மலைமேல் கல்லறைக்கு, என் மனைவிக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். தெஃபிக்கும் வந்தான். ஏற்றம் முழுக்க ஸ்லாவ்காவோடு சண்டை. கூரைக்கு ஓடா தகரமா என்று. பாதி வழியில்தான் கவனித்தேன், நான்தான் மூச்சுக்கு நின்றேன். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 7, சனி

குளிர்காலத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டு அரைத்து வைக்கிற நாட்கள். தெரு முழுக்கப் புகை. மூட்டை வாங்கிவர ஸ்லாவ்கா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குப் போனபிறகு கிளம்பினேன்.

தெஃபிக் கொடிக்கு அடியில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. சத்தமே இல்லை. கிட்டே போகவில்லை. வாசற்கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே கம்பேரைப் பார்த்து, கூரைத் தகரத்தின் விலை பேசிவிட்டு, நல்ல மிளகாயாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் திரும்பினேன்.